ஆஸ்கர் மிஷோ போன வழியில்

திங்கள், மெட்ரோபோலிஸ், இல்லினாய்

அமெரிக்காவின் முதல் பெரிய கறுப்பின இயக்குநர் என்று ஆஸ்கர் மிஷோவை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1919இலிருந்து 1948 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர். அவற்றில் இன்று பார்க்கக் கிடைப்பவை மிகக் குறைவு. மௌனப் படங்களில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. படங்கள் இல்லாத இயக்குநரை எப்படித் தெரிந்துகொள்வது? அவர் வாழ்ந்த, விற்ற, விழுந்து எழுந்த ஊர்களாவது இருக்கின்றனவே என்று நானும் மாமாவும் நாஷ்வில்லிலிருந்து கிளம்பிவிட்டோம்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம். பொள்ளாச்சிப் பக்கம் தியேட்டர்களில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மிஷோ பெயரை என்னிடமிருந்துதான் முதலில் கேட்டார். "தானே எடுத்து, தானே பொட்டிய தூக்கிட்டுப் போய் ஓட்டுன ஆளா? அப்ப பாக்கோணும் கண்ணு" என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

கென்டக்கியின் படூக்கா நகரைத் தாண்டி ஒஹையோ ஆற்றுப் பாலத்தில் ஏறினால் அக்கரையில் இல்லினாய். ஆறு நல்ல அகலம். உள்நாட்டுப் போருக்கு முன்னால் இந்தப் பக்கம் அடிமை மாநிலம், அந்தப் பக்கம் அடிமை முறை இல்லாத மாநிலம். மிஷோவின் அப்பா கால்வின் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். மகன் 1884 ஜனவரி 2 அன்று அக்கரையில், மெட்ரோபோலிஸ் அருகே ஒரு பண்ணையில் பிறந்தார்.

இன்று இந்த ஊருக்கு வருகிறவர்கள் நீதிமன்றத்துக்கு முன்னால் நிற்கும் 15 அடி சூப்பர்மேன் சிலையைப் பார்க்க வருகிறார்கள். காமிக்ஸில் வரும் நகரத்தின் பெயரும் இந்த ஊரின் பெயரும் ஒன்று என்பதால் வந்த புகழ். ஒரு குடும்பம் படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்து நாங்களும் எடுத்துக்கொண்டோம். இந்த மண்ணில் நிஜமாகவே பிறந்த ஒருவருக்கும் இந்தச் சதுக்கத்தில் அதே அளவு இடம் கொடுக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சிறுவன் ஆஸ்கருக்கு வயல் வேலை ஓடவில்லை. அப்பா பார்த்தார், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிற வேலையைக் கொடுத்துவிட்டார். பையன் வாங்க வருகிறவர்களிடம் பேசிப் பேசி அண்ணன்களைவிட நன்றாக விற்றான். இதைப் பிற்பாடு அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். அவருடைய திரைவாழ்க்கையின் முதல் பாடம் அந்தச் சந்தையில்தான் நடந்தது என்பேன்.

மாலையில் ஆற்றங்கரையில், மசாக் கோட்டைப் பூங்காவில் கொஞ்ச நேரம் நடந்தோம். பதினேழு வயதில் அவர் இந்த ஊரை விட்டு சிகாகோ போனார். நாளை நாங்களும்.

செவ்வாய், சிகாகோ, புல்மன்

ஆறு மணி நேரம் நேர் வடக்கே ஓட்டம். சாம்பெய்ன் தாண்டியதும் தரை தட்டையாகிவிடுகிறது. சோளம், சோயா, மறுபடி சோளம்.

நகரத்துக்குள் நுழையும் முன்பே தெற்குப் பகுதியில் புல்மன் வருகிறது. ரயிலில் படுக்கைப் பெட்டிகளைக் கட்டிய ஜார்ஜ் புல்மன் தன் தொழிலாளர்களுக்காக உண்டாக்கிய ஊர். செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக இன்னும் இருக்கின்றன. மணிக்கூண்டுக் கட்டடம் இப்போது தேசியப் பூங்காத் துறையின் பார்வையாளர் மையம்.

மிஷோ சிகாகோவில் இறைச்சிக் கூடங்களில் வேலை பார்த்தார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், அப்புறம் புல்மன் பெட்டியில் போர்ட்டர் ஆனார். படுக்கை விரிப்பது, காலணி துடைப்பது, நள்ளிரவில் மணி அடித்தால் ஓடுவது. பயணிகள் போர்ட்டர்களின் பெயரைக் கேட்டதில்லை; முதலாளி பெயரையே வைத்து எல்லோரையும் 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டார்கள். இவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும், கறுப்பின இளைஞர்களுக்கு அன்று கிடைத்த வேலைகளில் அது மதிப்பானது. டிப்ஸ் வரும். நாடு முழுக்கப் பார்க்கலாம். நிலம் வாங்குகிறவர்கள், ரயில்வேக்காரர்கள், பணம் பண்ணுகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது காதில் விழும்.

மிஷோ காதைத் திறந்து வைத்துக்கொண்டார். மேற்கே அரசாங்கம் குடியேறிகளுக்கு நிலம் திறந்துவிடுகிறது என்ற தகவல் அவருக்கு இந்த வேலையில்தான் கிடைத்தது. காசு சேர்த்துக்கொண்டு தெற்கு டகோட்டா போனார். நாங்கள் அங்கே வெள்ளிக்கிழமைதான் போகிறோம். ரோடு அவர் வாழ்க்கை வரிசைப்படி அமையவில்லை. சிகாகோவுக்கு அவர் திரும்பி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதன், சிகாகோ, பிரான்ஸ்வில்

காலையிலேயே 35ஆம் தெருவுக்குப் போய்விட்டோம். கைல்ஸ் அவென்யூவில் எட்டாவது ரெஜிமெண்ட் ஆர்மரி, அதாவது படைக்கலக் கூடம், கம்பீரமாக நிற்கிறது. கறுப்பின வீரர்களின் படைப்பிரிவுக்காகக் கட்டப்பட்டது. இப்போது அதில் ராணுவப் பாணிப் பள்ளி நடக்கிறது, உள்ளே போக முடியாது. எதிரே நின்று பார்த்தோம்.

1919 பிப்ரவரி 20 அன்று மிஷோ தன் முதல் படமான 'தி ஹோம்ஸ்டெடர்' படத்தை இந்தக் கட்டடத்தில் திரையிட்டார். எட்டு ரீல். கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் படம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. பிரான்ஸில் போரிட்ட அந்தப் படைப்பிரிவு அதே மாதத்தில்தான் ஊர் திரும்பியிருந்தது. அந்தக் கட்டடத்தை, அந்த நேரத்தை அவர் தேர்ந்தெடுத்ததில் ஒரு வியாபாரியின் கண் தெரிகிறது. சில பாதிரியார்கள் தங்களை இழிவுபடுத்துவதாகப் படத்துக்குத் தடை கேட்டார்கள். ஒழுக்கம் இல்லாத ஒரு பாதிரியாரை மிஷோ அதில் காட்டியிருந்தார், அந்தப் பாத்திரத்தின் நிழல் அவருடைய மாமனாரைப் போலவே இருந்தது. சென்சார் பிறகு விட்டுக்கொடுத்தது. அந்தச் சண்டையே படத்துக்கு விளம்பரம் ஆனது.

அந்தப் படம் இன்று இல்லை. ஒரு ரீல்கூட இல்லை.

பக்கத்தில், கிங் டிரைவ் முனையில் அந்தப் படைவீரர்களுக்கான நினைவுத்தூண். அங்கிருந்து ஏரிக்கரைப் பாதையில் 29ஆம் தெரு பக்கம் போனால் ஒரு பாறையில் பதித்த பலகை இருக்கிறது. சைக்கிளில் போகிறவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். 1919 ஜூலை 27. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் தண்ணீரில் மிதந்தபடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டி வெள்ளையர் குளிக்கும் பக்கம் வந்துவிட்டான். கல்லெறிந்தார்கள், மூழ்கிச் செத்தான். கல்லெறிந்தவனைப் போலீஸ் கைது செய்யவில்லை. நகரம் பற்றி எரிந்தது. 38 பேர் இறந்தார்கள், 23 பேர் கறுப்பினத்தவர். மாமா பலகையில் இருப்பதை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்து, "பதினேழு வயசா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

இது நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, மிஷோ தன் இரண்டாவது படத்தோடு சென்சாரிடம் வந்து நின்றார். 'விதின் அவர் கேட்ஸ்'. கும்பல் கொலையைத் திரையில் காட்டும் படம். இதைத் திரையிட்டால் மறுபடி கலவரம் வெடிக்கும் என்று பயந்தார்கள். இப்படி ஒரு கொடுமை நடக்கிறது என்பதைக் காட்டியே ஆக வேண்டும் என்று இன்னொரு தரப்பு வாதாடியது. வெட்டுகளோடு அனுமதி கிடைத்து, 1920 ஜனவரியில் ஸ்டேட் தெருவில் இருந்த வெண்டோம் தியேட்டரில் வெளியானது. தியேட்டர் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பகுதி முழுக்க இப்போது இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். பச்சைத் தட நகர ரயில் மேலே தடதடத்துப் போகிறது.

ராத்திரி அறையில் லேப்டாப்பில் அந்தப் படத்தை ஓட்டினேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதை இலவசமாகவே வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்தப் பிரதி கிடைத்த கதையே ஒரு அதிசயம். அமெரிக்காவில் எல்லாப் பிரதிகளும் அழிந்துபோக, மாட்ரிட்டில் ஸ்பெயினின் திரைப்படக் காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற பெயரில் ஒன்றே ஒன்று தங்கியிருந்தது. எழுத்து அட்டைகள் ஸ்பானிய மொழியில். அவற்றை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து 1993இல் படத்தைச் சீரமைத்தார்கள். நடுவே தொலைந்துபோன ஒரு பகுதிக்கு விளக்க அட்டைதான் இருக்கிறது.

கதை சில்வியா என்ற ஆசிரியையைப் பற்றியது. ஈவ்லின் பிரியர் நடித்திருக்கிறார், என்ன முகம் அது! தெற்கில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பணம் தேடி வடக்கே வருகிறாள். அவளுடைய கடந்தகாலம் கடைசியில்தான் திறக்கிறது. வளர்ப்பு அப்பா குத்தகை விவசாயி. படித்த மகள் கணக்கை எழுதிக் கொடுக்க, அவர் நில முதலாளியிடம் கணக்குத் தீர்க்கப் போகிறார். அந்த நேரத்தில் வேறொருவன் முதலாளியைச் சுட்டுவிட, பழி இவர் மேல் விழுகிறது. துரத்துகிற கும்பலில் பெண்களும் இருக்கிறார்கள். அப்பாவையும் அம்மாவையும் தூக்கில் ஏற்றுகிற அதே நேரம், இன்னொரு இடத்தில் முதலாளியின் தம்பி சில்வியாவின் மேல் பாய்கிறான். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார் மிஷோ. 1915இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் கறுப்பின ஆணைக் காட்டி நாட்டையே வெறியேற்றியது. அதே வெட்டும் உத்தியை எடுத்து, நடந்தது உண்மையில் எந்தப் பக்கம் என்று இவர் காட்டிவிட்டார்.

ஆனால் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறொரு காட்சி. ஓல்ட் நெட் என்ற கிழட்டுப் பாதிரியார். வெள்ளைக்காரக் கனவான்கள் கேட்க விரும்புவதையே சொல்லி, பல்லைக் காட்டிச் சிரித்துப் பிழைக்கிறவர். அவர்கள் விளையாட்டாகப் பின்பக்கம் உதைக்கிறார்கள், அதற்கும் சிரிக்கிறார். கதவு சாத்தியதும் தனியாக நிற்கிறார். சிரிப்பு வடிந்து முகம் அப்படியே தொங்கிப்போகிறது. தன் உரிமையை ஒரு கிண்ணக் கூழுக்கு விற்றுவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். மிஷோவுக்குப் பாதிரியார்கள் மேல் இருந்த கோபம் ஊரறிந்தது. அந்தக் கோபக்காரர் இந்தக் கிழவனுக்காக ஒரு நிமிடம் நின்று, அவனுடைய வலியையும் பார்த்தாரே, அதனால்தான் அவரைப் பெரிய இயக்குநர் என்கிறேன்.

மாமா படம் முழுக்க வாய் திறக்கவில்லை. முடிந்ததும், "காட்சிக்குக் காட்சி வெட்டு எகிறுது. பல ஊர்ல வெட்டுன பிரிண்ட்டு இது" என்றார்.

வியாழன், சூ சிட்டி, அயோவா

நாள் முழுக்க 20ஆம் நெடுஞ்சாலை. அயோவாவின் குறுக்கே கிழக்கிலிருந்து மேற்குக் கோடி வரை. முழங்கால் உயரச் சோளம், காற்றாலைகள், தானியச் சேமிப்புக் கோபுரங்கள். மாமாதான் பாட்டு போட்டுக்கொண்டு வந்தார்.

சூ சிட்டி, மிசௌரி ஆற்றங்கரை ஊர். டகோட்டாவில் பண்ணை கைவிட்டுப் போனதும் மிஷோ இங்கேதான் வந்து சேர்ந்தார். 1913இல் தன் வாழ்க்கையைக் கதையாக்கி 'தி கான்க்வெஸ்ட்' என்ற நாவலை, தன் பெயரைக்கூடப் போடாமல் வெளியிட்டிருந்தார். அக்கம்பக்கத்து வெள்ளை விவசாயிகளின் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி விற்றார். 1917இல் இங்கே சொந்தப் பதிப்பகத்திலிருந்து 'தி ஹோம்ஸ்டெடர்' நாவல் வந்தது.

அந்த நாவலைப் படமாக்க லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி ஆர்வம் காட்டியது. கறுப்பினச் சகோதரர்கள் நோபிள் ஜான்சனும் ஜார்ஜ் ஜான்சனும் நடத்திய நிறுவனம். ஜார்ஜ், ஒமாஹாவில் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சினிமாக் கடிதங்கள் எழுதியவர். மிஷோ ஒரு நிபந்தனை போட்டார்: படம் எடுக்கும்போது நான் கூடவே இருந்து மேற்பார்வை செய்வேன். சினிமா காமிராவைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு விவசாயி! பேச்சு முறிந்தது.

சரி, நானே எடுக்கிறேன் என்று கம்பெனி தொடங்கிவிட்டார். பணம்? புத்தகம் வாங்கிய அதே விவசாயிகளிடம் திரும்பப் போய், ஒரு பங்கு 75 டாலர், 100 டாலர் என்று விற்றார். கறுப்பினத்தவரின் முதல் முழுநீளப் படத்துக்கு முதல் போட்டவர்களில் பலர் இந்தச் சோளக்காட்டு வெள்ளைக் குடியானவர்கள். இந்த ஊர்த் தெருக்களில் நடக்கும்போது எனக்கு அது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது.

வெள்ளி, கிரெகரி, தெற்கு டகோட்டா

யாங்டன் வழியாகப் போய், ஃபோர்ட் ராண்டல் அணையின் மேலேயே மிசௌரியைக் கடந்தோம். அதற்கு மேற்கே உலகமே வேறு. மரம் குறைந்து, புல்மேடுகள் அலை அலையாக விரிகின்றன. போன்ஸ்டீல், பர்க், அப்புறம் கிரெகரி.

1904இல் இந்த நிலத்தைத் திறந்துவிட்டார்கள். யாருடைய நிலம்? ரோஸ்பட் லகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். ஒப்பந்த நிபந்தனைகளை அவர்கள் சம்மதம் இல்லாமலே அமெரிக்கக் காங்கிரஸ் மாற்றியது. இந்தக் கவுண்டி (மாவட்டம்) இனி அவர்களுடைய பகுதி இல்லை என்று 1977இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. சுமார் 2,400 மனைகளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்து சீட்டில் பெயர் கொடுத்தார்கள். விலை ஏக்கருக்கு 4 டாலர். மிஷோவுக்குச் சீட்டு விழவில்லை. ஒதுக்கீடு கிடைத்து விட்டுவிட்டுப் போன ஒருவருடைய உரிமையை வாங்கி 160 ஏக்கருடன் உட்கார்ந்தார். அடிமையின் மகனுக்கு வந்த முதல் சொந்த மண், இன்னொரு மக்களிடமிருந்து பிடுங்கப்பட்ட மண். அவர் எழுத்தில் இதைப் பற்றிய உறுத்தல் பெரிதாக இல்லை. எனக்கு இருக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஊர் சின்னது. அகலமான ஒரே கடைத்தெரு. சாப்பிட்ட இடத்தில் எதிர் மேஜைப் பெரியவர் நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். மிஷோ என்றதும், ஆகஸ்டில் வந்திருந்தால் திரைப்பட விழாவே பார்த்திருக்கலாம் என்றார். ஆமாம், ஊர்க்காரர்கள் அவர் பெயரில் விழா நடத்தி வந்திருக்கிறார்கள். 

கிரெகரியிலிருந்து டாலஸ் பக்கம் சரளைக்கல் பாதையில் வண்டியை விட்டோம். தனியார் நிலம் என்பதால் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். இங்கே அவர் புல்தரைக் கட்டிகளை வெட்டி அடுக்கி வீடு கட்டினார். இந்தப் புல்லின் வேர்கள் மண்ணை அப்படிப் பின்னிப் பிடித்திருக்கும், கட்டியாக வெட்டினால் செங்கல் போல நிற்கும். உழுவதற்கு அதே வேர்தான் எமன். சுற்றியிருந்தவர்கள் கொஞ்சம் உழுதுவிட்டு நிலவிலை ஏறக் காத்திருந்தபோது இவர் 120 ஏக்கருக்கு மேல் உழுது தள்ளினார். கறுப்பினத்தான் விவசாயத்தில் நிலைக்க மாட்டான் என்று ஒரு வாயும் சொல்லிவிடக் கூடாது என்ற வைராக்கியம்.

நிலம் மட்டும் இல்லை, கதையும் இங்கேதான் கிடைத்தது. பக்கத்துப் பண்ணையில் ஒரு ஸ்காட்லாந்து வம்சப் பெண். இரண்டு பேருக்கும் விருப்பம் இருந்ததாக அவர் நாவல்கள் சொல்கின்றன. கறுப்பு வெள்ளைத் திருமணத்தைத் தெற்கு டகோட்டா 1909இல் சட்டம் போட்டே தடுத்தது. அவரும் தன் இனத்தை விட்டுப் போகக் கூடாது என்று நினைத்தார். சிகாகோ பாதிரியார் ஒருவரின் மகள் ஆர்லீனை 1910இல் திருமணம் செய்து அழைத்து வந்தார். குழந்தை இறந்தே பிறந்தது. மாமனார் வந்து மகளைக் கூட்டிப் போய்விட்டார். அடுத்து வறட்சி. நிலம் கடனில் போனது.

இந்த ஒரே கதையை, விவசாயி, பக்கத்து வீட்டுப் பெண், கெட்ட மாமனார் என்று, 1919இல் 'தி ஹோம்ஸ்டெடர்' ஆக எடுத்தார். 1931இல் 'தி எக்ஸைல்' ஆக எடுத்தார். கறுப்பினத்தவர் எடுத்த முதல் பேசும் முழுநீளப் படம் அது. 1948இல் 'தி பிட்ரேயல்' ஆக எடுத்தார், அதுவே கடைசிப் படம். கதைகளில் மட்டும் கடைசியில் அந்தப் பெண்ணுக்கும் கறுப்பின ரத்தம் உண்டு என்று தெரிந்து இருவரும் சேர்ந்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப ஒரே கதையா என்று கேட்ட விமர்சகர்கள் இந்த வேலியோரம் ஒரு சாயங்காலம் நின்றிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கிறது, காற்று ஓய்வதே இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் அடுத்த வீடு ஒன்றுதான். அந்த வீட்டில் இருப்பவரை நினைக்காமல் இங்கே எப்படி வாழ முடியும்?

சனி, 281ஆம் நெடுஞ்சாலை

நெப்ராஸ்காவின் நடுவில் தெற்கு நோக்கி. ஓநீல், கிராண்ட் ஐலண்ட், ஹேஸ்டிங்ஸ். கான்சாஸ் எல்லை தாண்டியதும் லெபனான் என்ற குட்டி ஊர். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் அமெரிக்காவின் நட்ட நடு இதுதான் என்று கல் நட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட நீண்ட ரோடுதான் 1920களில் மிஷோவின் அலுவலகம். ஆறடி ஆள், பெரிய ஃபர் கோட்டு, அகலத் தொப்பி. ஒரு ஊர்த் தியேட்டருக்குள் நுழைந்து, அடுத்த படத்தின் கதையையும் நடிகர்களின் ஸ்டில்களையும் காட்டி முன்பணம் வாங்குவார். அந்தப் பணத்தில் படம். எடுத்த படத்தோடு அதே தியேட்டருக்குத் திரும்பி வருவார். கறுப்பினப் பார்வையாளர்களுக்கான தியேட்டர்கள் நாட்டில் சில நூறுதான். தெற்கில் வெள்ளையர் தியேட்டர்களில் நள்ளிரவுக் காட்சி மட்டும் கறுப்பினத்தவருக்கு என்று ஒதுக்குவார்கள். பல இடங்களில் 'விதின் அவர் கேட்ஸ்' படத்தைப் போடவே மறுத்தார்கள்.

ஒரு ஊர் சென்சார் ஒரு காட்சியை வேண்டாம் என்றால் அங்கேயே வெட்டுவார். அடுத்த ஊரில் வேறு வெட்டு. 1925இல் 'பாடி அண்ட் சோல்', பாடகரும் நடிகருமான பால் ராப்சனின் முதல் படம். போலிப் பாதிரியாராக ராப்சன் மிரட்டியிருப்பார். நியூயார்க் சென்சார் ஒப்புக்கொள்ளவில்லை என்றதும் மிஷோ வெட்டி ஒட்டி, நடந்ததெல்லாம் ஒரு தாயின் கனவு என்று ஆக்கிவிட்டார்.

மாமாவுக்கு இந்த இடத்தில்தான் பேச்சு வந்தது. அவர் காலத்தில் ஒரே பிரிண்ட்டை இரண்டு தியேட்டருக்கு வைத்துக்கொண்டு, ஒரு ரீல் முடிய முடிய சைக்கிளில் அடுத்த ஊருக்கு அனுப்புவார்களாம். அறுந்தால் ஒட்டுவது, ஒட்டியது அறுந்தால் இன்னும் இரண்டு அடி போகும். "ஓடி ஓடியே தேயற சாமான் கண்ணு அது. நாலு பிரிண்ட்டு வெச்சு நாடு பூரா ஓட்டுனா என்னத்த மிஞ்சும்? பொட்டில பூட்டி வெச்சிருந்தா இருந்திருக்கும், ஆனா சனம் பாத்திருக்காதே."

காப்பகங்களைக் குறை சொல்லும் கட்டுரைகளில் நான் படிக்காத ஒன்றை மாமா சொல்லிவிட்டார். காப்பகங்கள் அவரைக் கவனிக்கவில்லை என்பது உண்மை. படங்கள் பார்வையாளர்களிடம் ஓடியே தீர்ந்தன என்பதும் உண்மை.

அவர் மேல் சொல்லப்படும் குறைகளையும் இன்றே எழுதிவிடுகிறேன். காசு இல்லாததால் பெரும்பாலும் ஒரே டேக். நண்பர்கள் வீட்டில் படப்பிடிப்பு. பேசும் படங்களில் வசனத்தை நடிகர்கள் தடுமாறிச் சொல்வது அப்படியே இருக்கும். வெளுத்த நிறம் உடையவர்களே நாயகன் நாயகியாக வருவதும், கறுத்தவர்கள் சூதாடிகளாக வருவதும் உண்டு. 1938இல் 'காட்ஸ் ஸ்டெப்சில்ட்ரன்' படத்துக்கு நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் மறியல் நடந்து படம் தூக்கப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானதே. தன் மக்கள் முன்னேற வேண்டும் என்ற அவசரத்தில் அவர்களையே கடிந்துகொண்ட மனிதர் அவர். ஆனாலும் ஹாலிவுட் கறுப்பினத்தவருக்கு வேலைக்காரர் வேடம் மட்டும் கொடுத்த காலத்தில் வக்கீல், ஆசிரியை, துப்பறிவாளர், நிலம் உழுகிறவர் என்று திரையில் நிறுத்தியவரும் அவர்தான்.

ஞாயிறு, கிரேட் பெண்ட், கான்சாஸ்

கோதுமை அறுவடை மும்முரம். ராத்திரி முழுக்க அறுவடை இயந்திரங்களின் விளக்குகள் வயலில் நகர்ந்துகொண்டே இருந்தன. காற்றில் உமி வாசனை.

மிஷோ குடும்பம் பின்னாளில் இந்த ஊரில் குடியேறியது. காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவருக்கு வெகுகாலம் கழித்தே கல் வைத்தார்கள். தன் காலத்துக்கு முந்திய மனிதர் என்ற பொருளில் ஒரு வரி அதில் பொறித்திருக்கிறது.

வைத்தவர்களின் அன்பு புரிகிறது. ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1920இல் வெண்டோமில் டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களுக்கு அந்தப் படம் அன்றைக்கே தேவைப்பட்டது. நள்ளிரவுக் காட்சிக்குத் தெற்கில் வரிசையில் நின்றவர்களுக்கும் அப்படித்தான். அவர் தன் காலத்துக்குச் சரியாகவே வந்து சேர்ந்தார். அறுபது, எழுபது, தொண்ணூறு வருடம் தாமதமாக வந்தவர்கள் மற்றவர்கள்: இயக்குநர் சங்கம் 1986இல் விருது கொடுத்தது, ஹாலிவுட் நடைபாதையில் 1987இல் நட்சத்திரம் பதித்தார்கள், தபால்தலை 2010இல்தான் வந்தது. மாமாவிடம் இதைச் சொன்னேன். "கல்லு வெச்சவங்க நல்ல மனசோட வெச்சிருக்காங்க, உடு கண்ணு" என்றார். இந்த விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, மதியச் சாப்பாடு வரை பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசி வருடங்கள் கஷ்டமானவை. 1928இல் கம்பெனி திவால் ஆனது. அதற்கு இரண்டு வருடம் முன்பு மணந்த ஆலிஸ் ரஸ்ஸல் அவருடைய படங்களில் நடித்தார், கூடவே நின்றார். பேசும் படக் காலத்தில் வெள்ளை முதலாளிகளின் பணத்தோடு எழுந்தார். 1940களில் மறுபடி நாவல் எழுதி, மறுபடி அதைத் தானே சுமந்து விற்றார். அந்தப் பணத்தில் 1948இல் 'தி பிட்ரேயல்' எடுத்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தை நியூயார்க்கின் பிராட்வேயில் ஒரு அரங்கில் வெளியிட்டார். பத்திரிகைகள் கிழித்தன. 1951 மார்ச் 25 அன்று வட கரோலைனாவின் ஷார்லட் நகரில் இறந்தார். வயது 67. அங்கிருந்து உடலை இந்த ஊருக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள்.

'தி பிட்ரேயல்' படமும் தொலைந்துவிட்டது. 1948 ஒன்றும் பழங்காலம் இல்லை. மாமா பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்புதான். ஒரு படம் மாட்ரிட்டில் கிடைத்தது, 'தி சிம்பல் ஆஃப் தி அன்காங்கர்ட்' பெல்ஜியத்தில் கிடைத்தது. இன்னும் எந்த ஊர்க் காப்பகத்தில், எந்த மொழித் தலைப்பு ஒட்டிய பெட்டிக்குள் எது கிடக்கிறதோ. தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாமா நாளை வண்டியில் 'பாடி அண்ட் சோல்' போடச் சொல்லியிருக்கிறார். ஓட்டுகிற முறை என்னுடையது என்பதால் அது முடியாது. கான்சாஸ் சிட்டியில் தங்கும்போது பார்க்கிறோம்.